குக்கீயை அழித்தாலும், வைஃபையை மாற்றினாலும் அதே கணினி என்று தெரிந்துவிடுகிறது: லினக்ஸ் சோர்ஸ் போர்ட் ஓட்டை பற்றி

#1 கட்டளைவரி

சென்ற வாரம் வலையமைப்பு வகுப்பில் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “சார், மறைநிலைச் சாளரம் திறந்து, குக்கீயெல்லாம் அழித்து, வேறு வைஃபைக்குப் போய்விட்டால் என்னை யாரும் அடையாளம் காண முடியாதுதானே?” காண முடியும் என்றேன். எப்படி என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

எந்தத் தளத்துக்குப் போனாலும் நம் கணினி தன் பக்கத்துக்கு ஒரு போர்ட் எண்ணை (எந்த இணைப்பு என்று காட்டும் எண்) எடுத்துக்கொண்டுதான் டிசிபி இணைப்பைத் தொடங்குகிறது. இதுவே சோர்ஸ் போர்ட். லினக்ஸ் இயங்குதளத்தில் வழக்கமாக அது 32768 முதல் 60999 வரை ஏதாவது ஒன்றாக இருக்கும். இந்த எண்ணை வெளியாள் ஊகித்துவிட்டால் போலிப் பாக்கெட் (தரவுத் துண்டு) அனுப்பி இணைப்பை அறுத்துவிடலாம். அதனால் எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று 2011 ஜனவரியில் ஆர்எஃப்சி 6056 என்ற இணையத் தரநிலை ஆவணம் ஐந்து வழிமுறைகளை எழுதி வைத்தது.

லினக்ஸ் நெடுநாள் மூன்றாவது வழிமுறையில் இருந்தது. அதில் கணினி முழுவதற்கும் ஒரே ஒரு எண்ணி (கவுண்டர்). எந்தச் செயலி எங்கே இணைந்தாலும் அந்த எண்ணி நகரும். ஆகவே நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஒரு தளம், வேறு இடங்களுக்கு நீங்கள் எத்தனை இணைப்புகள் தொடங்கினீர்கள் என்பதை எண்ணிக்கொண்டே இருக்கலாம். வலையமைப்பு மாறினாலும் உங்களைத் தொடரலாம். இந்தக் கசிவைச் சுட்டிக்காட்டியதும் 2021 பிப்ரவரியில் லினக்ஸ் நிரலாளர் எரிக் டுமாசே நிரலை நான்காவது வழிமுறைக்கு மாற்றினார். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 5.12 பதிப்பில் அது வந்தது. ஒரே எண்ணிக்குப் பதிலாக 256 எண்ணிகள் கொண்ட அட்டவணை. எந்த இலக்குக்கு எந்த எண்ணி என்பதை ரகசியச் சாவி போட்ட ஹாஷ் (கொடுத்ததைக் கலக்கி ஓர் எண்ணாக்கும் கணக்கு) முடிவு செய்யும்.

பின்தொடர்வதை நிறுத்துவதற்காகச் செய்த மாற்றம் இது. இதே அட்டவணையை வைத்துத்தான் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் மோஷே கோல், அமித் கிளைன், யோசி கிலாட் மூவரும் ஒரு லினக்ஸ் கணினியைத் தனித்து அடையாளம் காட்டினார்கள். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய, ஒரே மென்பொருள் போட்ட இரண்டு மடிக்கணினிகளைக்கூட அந்த முறை பிரித்துக் காட்டுகிறது. உலாவியை மாற்றினாலும், மறைநிலையில் திறந்தாலும், செயலியைத் தனித்து ஓட்டும் கன்டெய்னருக்குள்ளிருந்து போனாலும், இணைய முகவரி முறையில் ஐபிவி4 விட்டு ஐபிவி6க்குப் போனாலும், சில விபிஎன்கள் வழியாகப் போனாலும் அதே அடையாளம்தான். கணினியை ரீஸ்டார்ட் செய்தால் மட்டுமே மாறும். 2022 மே மாதம் திருத்தம் வந்தது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2022-32296 என்ற எண்ணில் அது பதிவானது.

எனக்கு இதில் தீராத கவலை ஒன்று உண்டு. குக்கீ என்பது நமக்குத் தெரிந்து வந்து உட்காரும் பொருள், அழிக்கலாம். இந்த அடையாளத்தை யாரும் கணினியில் எழுதி வைக்கவில்லை. எழுதாத ஒன்றை எங்கே போய் அழிப்பது?

#2 புதியவன்27

வணக்கம் ஐயா. இரண்டு முறை படித்தேன். ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். சாவி ரகசியமாகத்தானே இருக்கிறது? எதிராளியின் சர்வருக்குத் தெரிவது போர்ட் எண் மட்டும்தான். ஏதோ ஒரு எண்ணைப் பார்த்து, உள்ளே இருக்கும் 256 எண்ணிகளில் எது நகர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

#3 பின்னல்வேலை

தம்பி, நீங்கள் நின்ற இடம்தான் இதில் முக்கியமான இடம்.

ஒரு பெரிய மருத்துவமனையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆயிரக்கணக்கான வைத்தியர்கள். டோக்கன் கொடுக்க 256 பெட்டிகள். வைத்தியர் என்பது இலக்கு, பெட்டி என்பது எண்ணி, டோக்கன் என்பது போர்ட் எண். எந்த வைத்தியரைப் பார்க்க வந்தாலும் உள்ளே இருக்கும் கணக்கர், தன்னிடம் உள்ள ரகசியப் பட்டியலைப் பார்த்து, அந்த வைத்தியருக்கு உரிய பெட்டியிலிருந்து டோக்கன் கிழித்துக் கொடுப்பார். பல வைத்தியர்களுக்கு ஒரே பெட்டி அமையும். கொடுக்கும்போது அந்த வைத்தியருக்கென்று வைத்திருக்கும் ரகசிய எண் ஒன்றையும் கூட்டி எழுதித் தருவார். ஆகவே கண் வைத்தியர் டோக்கனையும் பல் வைத்தியர் டோக்கனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. இந்த மறைப்பு நல்ல மறைப்புதான். அதை யாரும் உடைக்கவில்லை.

ஆனால் ஒரே வைத்தியருக்கு இரண்டு முறை டோக்கன் வாங்கினால்? கூட்டிய ரகசிய எண் இரண்டிலும் ஒன்றே. கழித்தால் அது போய்விடும். மிஞ்சுவது, இடையில் அந்தப் பெட்டி எத்தனை முறை கிழிபட்டது என்பது மட்டும்.

இப்போது எதிராளியின் இடத்தில் நின்று பாருங்கள். முதலில் கண் வைத்தியருக்கு ஒரு டோக்கன் வாங்கச் சொல்கிறார். அடுத்து எலும்பு வைத்தியருக்கு ஒன்று. உடனே மறுபடி கண் வைத்தியருக்கு ஒன்று. கண் வைத்தியரின் இரண்டு டோக்கன்களும் அடுத்தடுத்த எண்களாக இருந்தால், எலும்பு வைத்தியரின் பெட்டி வேறு. இடையில் ஒன்று தாவியிருந்தால், கண்ணும் எலும்பும் ஒரே பெட்டி. எலும்பு வைத்தியரின் டோக்கனை அவர் கண்ணால் பார்க்கவே தேவையில்லை. இரண்டு பக்கமும் தன் இணைப்பை வைத்து நடுவில் அடுத்ததை நுழைப்பதால், சாண்ட்விச் என்றே இதற்குப் பெயர் சொல்கிறார்கள்.

யாரும் யாரும் ஒரே பெட்டி என்ற இந்தக் கூட்டாளிப் பட்டியல் இருக்கிறதே, அது கணக்கரின் ரகசியப் பட்டியலைப் பொறுத்தது. அடுத்த ஊர் மருத்துவமனையில் வேறு கணக்கர், வேறு பட்டியல். அங்கே கண்ணும் எலும்பும் சேராது. காதும் தோலும் சேரலாம். கூட்டாளிப் பட்டியலைப் பார்த்தே எந்த மருத்துவமனை என்று சொல்லிவிடலாம். ரகசியப் பட்டியலை ஒரு வரிகூடப் படிக்காமல், அதன் நிழலை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்கிறார்கள்.

#4 புதியவன்27

நன்றி அம்மா. கழித்தால் ரகசிய எண் போய்விடும் என்ற இடத்தில் புரிந்துவிட்டது.

இன்னொரு கேள்வி. நான் வீட்டு வைஃபையில் இருக்கும்போது என் கணினியின் முகவரி ஒன்று, கல்லூரியில் வேறொன்று. ஹாஷ் கணக்கில் நம் முகவரியும் சேரும் என்று நிரலில் பார்த்தேன். அப்படியானால் இடம் மாறியதும் பட்டியலும் மாறிவிடாதா?

#5 நெறிமுறை

நிரலைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. நம் முகவரி, எதிர் முகவரி, எதிர் போர்ட் மூன்றும் ஹாஷுக்குள் போகின்றன. வெளி முகவரிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி: வைஃபை மாறியதும் கூட்டாளிப் பட்டியல் கலைந்துவிடும்.

அவர்கள் செய்தது இதுதான். நடுவில் நுழைக்கும் இணைப்பை வெளியே அனுப்பவில்லை. கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக் முகவரிகளுக்கு அனுப்பினார்கள். 127 என்று தொடங்கும் முகவரிகள் அனைத்தும் லூப்பேக்தான், 1.6 கோடிக்கு மேல் இருக்கின்றன. வலைப்பக்கத்தில் உள்ள ஸ்கிரிப்ட் (உலாவிக்குள் ஓடும் சிறு நிரல்) 127.1.2.3 என்ற முகவரிக்கு இணைப்பு கேட்டால் கர்னல் ஒரு சோர்ஸ் போர்ட்டை எடுக்கும், எண்ணியை நகர்த்தும், பிறகு அங்கே யாரும் இல்லை என்று இணைப்பு மறுக்கப்படும். மறுக்கப்பட்டால் என்ன, எண்ணி நகர்ந்துவிட்டது. இந்த இணைப்புகளுக்கு நம் பக்க முகவரி எப்போதும் 127.0.0.1. வீட்டிலும் அதுவே, கல்லூரியிலும் அதுவே, ரயில் நிலையத்திலும் அதுவே. ஆகவே எந்த லூப்பேக் முகவரியும் எந்த லூப்பேக் முகவரியும் ஒரே பெட்டி என்பது சாவியை மட்டுமே பொறுத்தது.

வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் எதிராளி தன் சர்வரின் பல போர்ட்டுகளுக்கு உலாவியை இணையச் சொல்லி, ஒவ்வொரு பெட்டிக்கும் தன் ஆள் ஒருவர் (தன் சர்வரின் ஒரு போர்ட்) என்ற அளவுக்குப் பிடித்து வைத்துக்கொள்கிறார். இரண்டாவதாக லூப்பேக் முகவரிகளை நுழைத்து, எது எந்த ஆளோடு மோதுகிறது என்று பார்க்கிறார். முதல் கட்டத்தில் கிடைத்தவை இடத்துக்கு இடம் மாறும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம். லூப்பேக் முகவரிகள் தங்களுக்குள் எப்படிக் கூட்டு சேர்ந்திருக்கின்றன என்பதுதான் அடையாளம்.

காகிதத்தில் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 100 லூப்பேக் முகவரிகள் எடுத்தால் 4950 ஜோடிகள். 256 பெட்டிகளில் அவை சிதறினால் சராசரியாக 19 ஜோடிகள் ஒரே பெட்டியில் விழும். 4950 ஜோடிகளில் எந்த 19 என்பது இரண்டு கணினிகளுக்கு ஒன்றாக அமைவது அரிதிலும் அரிது.

எங்கே இது பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் உள்ள நாட் கருவி (பல கணினிகளை ஒரே வெளி முகவரியில் காட்டுவது) சோர்ஸ் போர்ட்டைத் தன் விருப்பப்படி மாற்றி எழுதினால் எதிராளிக்கு உண்மை எண் தெரியாது. அடையாளம் மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாகப் போனால் கடைசி முனையிலிருந்து புதிய டிசிபி இணைப்பு போகிறது; அங்கேயும் பலிக்காது. ஆனால் பல வீட்டு ரவுட்டர்கள் போர்ட் எண்ணை இயன்றவரை அப்படியே விட்டுவிடும். ஐபிவி6 என்றால் பெரும்பாலும் நாட் என்ற பேச்சே இல்லை.

#6 மலைக்கோட்டை

வாதத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நேற்று இரவு இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் எழுப்பினேன். ஒன்றில் திருத்தம் வருவதற்கு முந்தைய 5.15 கர்னல், மற்றதில் இன்றைய கர்னல். இரண்டிலிருந்தும் என் சொந்த சர்வரின் ஒரே போர்ட்டுக்கு வரிசையாக இணைத்து, இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில் எண்களைக் குறித்தேன்.

பழையதில்: 46114, 46116, 46118, 46122, 46124.

எல்லாம் இரட்டைப்படை என்பதைக் கவனியுங்கள். வெளியே செல்லும் இணைப்புகளுக்கு லினக்ஸ் முதலில் இரட்டைப்படை எண்களைத்தான் தேடும். அதனால் ஒரு படி என்றால் இரண்டு. நடுவில் 46118க்கு அடுத்து ஒரு தாவல் இருக்கிறது. அப்போது நான் வேறெதுவும் இணைக்கவில்லை. பதினாறில் ஒரு முறை தானாகவே ஓர் எண்ணைத் தாண்டும்படி 2021இலேயே நிரலில் சேர்த்திருந்தார்கள். கொஞ்சம் இரைச்சலுக்காக. இதே சோதனையை மூன்று நான்கு முறை திரும்பச் செய்தால் இரைச்சல் எது, உண்மையான மோதல் எது என்று பிரிந்துவிடுகிறது.

புதியதில்: 38402, 38410, 38412, 38426. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் 57190.

இரண்டு வரிசைகளையும் ஒரு தாளில் எழுதி மேசை மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் வரிசை ஒருவன் படியேறிப் போகும் காலடி ஓசை போல இருக்கிறது. இரண்டாவதில் அந்த ஓசை கேட்கவில்லை.

#7 வழிப்போக்கன்

அனைவரும் நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

விளம்பரம் விற்பவனுக்கு இது எதற்கு? உலாவியின் எழுத்துரு, திரையளவு, கிராபிக்ஸ் விவரம் இவற்றை வைத்தே அவன் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறான். ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் திறந்து, லூப்பேக்கைத் தட்டி, இத்தனை பாடுபட வேண்டியதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும் அடையாளத்துக்கு இவ்வளவு செலவு செய்ய மாட்டான்.

கைபேசியை நாம் மாதக்கணக்கில் அணைப்பதில்லை, ஆகவே எல்லா ஆண்ட்ராய்டுக்காரர்களும் இதில் சிக்கியிருந்தார்கள் என்று சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையா? மக்களைத் தேவையில்லாமல் அச்சுறுத்துவதும் தவறுதானே.

#8 கட்டளைவரி

வழிப்போக்கன் கேட்டது நியாயமான கேள்வி. ஆண்ட்ராய்டைப் பற்றிய அந்தப் பேச்சு சரியல்ல. இந்த 2022 ஆய்வில் அவர்கள் சோதித்த ஆண்ட்ராய்டு கைபேசி, புதிய வழிமுறையைத் தாங்களே கர்னலில் சேர்த்துச் சோதித்தது. கடையில் வாங்கிய எல்லாக் கைபேசியிலும் இது இருந்தது என்று சொல்ல முடியாது. திருத்தம் சரியான நேரத்தில் வந்ததால் பெரும் கூட்டம் தப்பித்தது.

ஆனால் 2019இல் அப்படித் தப்பிக்கவில்லை. அதையும் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

ஒவ்வொரு ஐபிவி4 பாக்கெட்டிலும் 16 பிட் அடையாள எண் ஒன்று உண்டு. பாக்கெட் துண்டுபட்டால் துண்டுகளை மறுபடி சேர்ப்பதற்காக வைத்தது. அந்தக் காலக் கணினிகள் அதை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போயின. 1998இலேயே, பின்னாளில் ரெடிஸ் தரவுத்தளத்தை எழுதிய சால்வடோரே சான்ஃபிலிப்போ, இந்த எண்ணை வைத்து மூன்றாவது கணினி ஒன்றின் முதுகுக்குப் பின்னால் நின்று போர்ட் ஸ்கேன் (எந்தப் போர்ட்டுகள் திறந்திருக்கின்றன என்ற தேடல்) செய்யலாம் என்று காட்டினார். 2002இல் ஸ்டீவன் பெல்லோவின் ஒரு நாட் கருவிக்குப் பின்னால் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று இதை வைத்தே எண்ணினார்.

அதன்பின் லினக்ஸ் 2048 எண்ணிகளுக்குப் போனது. எது யாருக்கு என்பதை ஹாஷ் முடிவு செய்தது. மேலே படித்த கதையே மீண்டும் வருவது போலத் தோன்றுகிறதல்லவா? ஆனால் அங்கே நிலைமை இன்னும் மோசம். ஹாஷ் வலுவில்லாதது, சாவி வெறும் 32 பிட். அமித் கிளைனும் பென்னி பிங்காஸும் 2019இல் மோதல்களைச் சேகரித்து, சாவியையே வரிசையாக முயன்று கண்டுபிடித்தார்கள். ஒரு வலைப்பக்கத்தில் வெப்ஆர்டிசி (உலாவியின் நேரடி உரையாடல் வசதி) வழியாக யுடிபி பாக்கெட்டுகளை வெளியேற்றினாலே போதும். லினக்ஸ், ஆண்ட்ராய்டு இரண்டும் அகப்பட்டன. விண்டோஸின் வழிமுறை வேறு, அதையும் உடைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2019 ஏப்ரலில் திருத்தம் கொடுத்தது. லினக்ஸ் 5.1.7இல் வலுவான சிப்ஹாஷ் என்ற ஹாஷுக்கு மாறியது. அந்த ஆய்வு கர்னல் நினைவக முகவரியின் ஒரு பகுதிகூட இந்த எண்கள் வழியே கசிந்ததைக் காட்டியது. வாசலில் ஒட்டிய சீட்டைப் பார்த்து வீட்டுக்குள் பீரோ எங்கே இருக்கிறது என்று சொல்வது போன்றது அது.

அடுத்த ஆண்டு ஐபிவி6 பாக்கெட்டில் உள்ள ஃப்ளோ லேபிள் என்ற எண்ணில் இதே போல ஒன்று. அதற்கு அடுத்து, கர்னலின் வலையமைப்புப் பகுதி பயன்படுத்திய சீரற்ற எண் உற்பத்தியில் ஒன்று, சிவிஇ-2020-16166. ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்று. இவை நான்கையும் அடுக்கி வைத்துப் பார்க்கும்போது தனித்தனி விபத்துகளாக எனக்குத் தெரியவில்லை. ‘இது சும்மா ஒரு எண்தானே’ என்று விட்ட இடத்திலெல்லாம் கசிந்திருக்கிறது.

#9 கார்த்திகைப்பூ

நான் நிரல் எழுதுபவள் அல்லள். வீட்டில் அடி தாங்காமல் வெளியேறிய பெண்களுக்கு உதவும் ஒரு குழுவில் இருக்கிறேன். விளம்பரக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்டிருந்ததைப் படித்ததால் எழுதுகிறேன்.

எங்களிடம் வருபவர்கள் முதலில் சிம் கார்டை மாற்றுகிறார்கள். புதிய மின்னஞ்சல் திறக்கிறார்கள். கைபேசியை மாற்றப் பணம் இருப்பதில்லை. பெரும்பாலும் அதே கைபேசியோடு, ஊர் மாறி, வேறு வைஃபையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணும் இடமும் மாறினால் போதும் என்று நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு பெண் என் முன்னால் உட்கார்ந்து, கைபேசியின் பின்பக்க உறையைக் கழற்றி, சிம்மை எடுத்து இரண்டாக ஒடித்துவிட்டு, “இனி இது வேறு போன்தானே அக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தேற்றினேன்.

ஐபோனிலும் ஒன்று நடந்தது என்று எங்கள் குழுவுக்கு வரும் தொழில்நுட்பத் தன்னார்வலர் சொன்னார். 2020இல் ஐஓஎஸ் 14 வந்தபோது ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) காட்டும் வசதியைக் கொடுத்தார்கள். ஆனால் ஏர்பிளே கருவிகளை (படமும் பாட்டும் அனுப்பக்கூடிய டிவி, ஒலிபெருக்கி போன்றவை) தேடும் பாக்கெட்டுக்குள் உண்மையான முகவரியும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்திருக்கிறது. 2023 அக்டோபரில் 17.1 வந்தபோதுதான் சரிசெய்தார்கள். மூன்று ஆண்டுகள். திரையில் ‘தனிப்பட்ட முகவரி’ என்று போட்டிருந்தால் எங்களைப் போன்றவர்கள் நம்பிவிடுவோம்.

கணவன்மார் இப்படிப் போர்ட் எண் எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விற்கப்படுகிற தகவல் யார் கைக்குப் போகும் என்று எங்களுக்குத் தெரியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

#10 வழிப்போக்கன்

கார்த்திகைப்பூ அம்மா, என் கேள்வியைச் சந்தைக்கணக்காக மட்டும் கேட்டுவிட்டேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்தக் கணக்கு போதாது என்று ஒப்புக்கொள்கிறேன்.

லூப்பேக் பற்றி நானே தேடியபோது இன்னொன்றும் கிடைத்தது. 2025 ஜூனில் ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஆண்ட்ராய்டில் மெட்டாவின் செயலிகளும் ரஷ்ய நிறுவனமான யாண்டெக்ஸின் செயலிகளும் பின்னணியில் சில லோக்கல் போர்ட்டுகளில் காது வைத்துக்கொண்டிருந்தன. அந்த நிறுவனங்களின் ஸ்கிரிப்ட் உள்ள எந்தத் தளத்தை உலாவியில் திறந்தாலும், ஸ்கிரிப்ட் லூப்பேக் வழியே அதே கைபேசியில் உள்ள செயலிக்குத் தகவல் சொல்லிவிடும். செயலியில் நம் பெயரோடு உள்நுழைந்திருக்கிறோம். அவ்வளவுதான், மறைநிலைச் சாளரம் வீண். யாண்டெக்ஸ் 2017 முதலே செய்திருக்கிறது. விஷயம் வெளியே வந்ததும் மெட்டா நிறுத்திவிட்டது.

இது கர்னல் ஓட்டை அல்ல, வேண்டுமென்றே செய்தது. ஆனாலும் லூப்பேக்கைத் தட்டும் அளவுக்கு விளம்பரக்காரன் பாடுபட மாட்டான் என்று நான் எழுதியது தவறு. பட்டிருக்கிறார்கள்.

#11 நெறிமுறை

மெட்டா, யாண்டெக்ஸ் விவகாரத்துக்குப் பிறகாவது ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். எங்கோ இருக்கும் ஒரு வலைப்பக்கம், என் கணினிக்குள் இருக்கும் 127 முகவரியைத் தட்ட எதற்கு அனுமதி? குரோம் 2025இல்தான் இதற்குப் பயனரிடம் அனுமதி கேட்கத் தொடங்கியது. இதை 2022இலேயே செய்திருந்தால் சோர்ஸ் போர்ட் தாக்குதலின் இரண்டாம் கட்டமே நடந்திருக்காது.

பழி யாருக்கு என்று சிலர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள். எரிக் டுமாசேயைக் குறை சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இருந்த கசிவை அடைக்க வந்தவர் அவர். தரநிலையில் எழுதியிருந்த வழிமுறையைத்தான் எடுத்தார். ஓட்டை தெரிந்ததும் அவரும் இன்னொரு கர்னல் நிரலாளரான வில்லி டாரோவும் ஆய்வாளர்களோடு உட்கார்ந்து திருத்தினார்கள். என்ன செய்தார்கள் என்று பாருங்கள்: 256 பெட்டிகளை 65536 ஆக்கினார்கள். எண்ணி ஒவ்வொரு முறையும் எவ்வளவு தாவும் என்பதைச் சீரற்றதாக்கினார்கள். பத்து விநாடிக்கு ஒரு முறை ஹாஷ் கணக்கையே கலைத்துவிடச் செய்தார்கள். மலைக்கோட்டை பார்த்த 57190 அப்படி வந்ததுதான். கணக்கர் பத்து விநாடிக்கு ஒரு முறை பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினால், நேற்றைய கூட்டாளிப் பட்டியலை வைத்து இன்று யாரையும் பிடிக்க முடியாது.

எனக்கு உறுத்துவது அந்த 256 என்ற எண்தான். ஒரு பெட்டிக்கு நான்கு பைட். மொத்தம் ஒரு கிலோபைட் நினைவகம். திருத்திய பிறகு 256 கிலோபைட். இன்றைய மடிக்கணினியில் ஒரு சிறு புகைப்படத்தின் அளவு. அட்டவணை சிறியதாக இருந்தால் வேகம் என்று நினைப்பது எங்கள் தொழிலில் கைப்பழக்கம். நானும் இருபது ஆண்டுகளாக அப்படித்தான் அளவு குறித்திருக்கிறேன். இனி ஓர் அட்டவணைக்கு அளவு குறிக்கும்போது, இதை வெளியிலிருந்து யார் எண்ண முடியும் என்று கேட்காமல் குறிக்க மாட்டேன்.

#12 பின்னல்வேலை

நெறிமுறை சொன்னதில் எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. தரநிலை எழுதியவர்கள் 2011இல் நினைத்த எதிரி வேறு. வெளியே நின்று கண்ணை மூடிக்கொண்டு போர்ட் எண்ணை ஊகிப்பவன். அவனுக்கு எதிராக நான்காவது வழிமுறை இன்றும் நிற்கிறது. நாம் பேசும் எதிரியோ நம் உலாவிக்குள் ஸ்கிரிப்டாக உட்கார்ந்து, தனக்கு வேண்டியபடி இணைப்புகளைத் தொடங்கச் சொல்பவன். டோக்கன் வாங்க வரும் கூட்டத்தையே அவன் ஏவுகிறான். தரநிலையைத் திருத்தி எழுதும்போது இந்த இரண்டாவது ஆளையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். இல்லையென்றால் வேறொரு இயங்குதளத்தில் வேறொருவர் நல்லெண்ணத்தோடு அதே 256ஐ எழுதுவார்.

கார்த்திகைப்பூ, உங்கள் குழுவினருக்கு நான் சொல்லக்கூடியது இரண்டு. வருபவரின் கைபேசியை முதல் வேலையாக அப்டேட் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் புதிய வைஃபையில் சேரும் முன் அணைத்துப் போடுங்கள். அப்டேட் வராத பழைய கைபேசி என்றால் தனிமடல் அனுப்புங்கள். இங்கே உள்ள நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்தால் நல்ல கைபேசிகள் சிலவற்றைத் திரட்டித் தர முடியும்.

#13 மலைக்கோட்டை

பின்னல்வேலை அம்மா, என் பங்காக இரண்டு கைபேசிகள்.

இன்னொன்று. நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் 40 லினக்ஸ் கணினிகள். அனைத்திலும் தானியங்கி அப்டேட் போட்டிருக்கிறோம், ஆகவே பாதுகாப்பாக இருக்கிறோம் என்றே இத்தனை நாள் அறிக்கை கொடுத்துவந்தேன். இன்று காலை இந்த இழையைப் படித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் யூநேம் கட்டளை கொடுத்துக் கர்னல் கட்டமைக்கப்பட்ட தேதியைப் பார்த்தேன். 37 கணினிகள் சரி. மீதி மூன்றும் பின்சுவர் ஓரம் இருப்பவை. யுபிஎஸ் இருப்பதால் மின்சாரம் போனாலும் அணையாதவை. புதிய கர்னல் வட்டில் இறங்கித் தயாராக இருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பது 2022 மார்ச்சில் கட்டமைத்தது. அப்டைம் (அணையாமல் ஓடிய காலம்) நான்கு இலக்கத்தில் நாள் காட்டியது. அத்தனை நாளும் ஒரே சாவி, ஒரே 256 பெட்டிகள். அந்த மூன்றில்தான் மாணவர்கள் விடுதி விண்ணப்பத்திலிருந்து வேலைத் தேடல் வரை எல்லாம் செய்கிறார்கள்.

மதியம் மூன்றையும் ரீஸ்டார்ட் செய்தேன். ஒன்று எழுந்திருக்கவில்லை, வட்டு பழுது. அதை நாளை பார்க்க வேண்டும். மற்ற இரண்டிலும் முன்பு செய்த அதே சோதனையை ஓட்டினேன். 41370, 41384, 41388, பதினைந்து விநாடி கழித்து 52616.